கேட்டவன் கை என்ன செஞ்சுச்சு?

ஒம்பது பாட்டு எழுதி வச்சிருக்கியாமே தாயி, அதுல ஏழு பாட்டுல பனி பெய்யுதாம். பூம்பாறையில பொறந்தவ பனியப் பாடாம பாலைவனத்தையா பாடுவா, சரிதான். ஆனா ஒண்ணு கேக்குறேன். நம்ம வீட்டுல பனியப் பார்த்து எவன் பாட்டுப் பாடியிருக்கான்? உறைபனி விழுந்து உருளக்கிழங்குச் செடி கருகிப் போச்சேன்னு உங்க அப்பத்தா ஒப்பாரி வச்சிருக்கா. அதுல ராகம் இருந்துச்சு. பனியப் பார்த்து உருகுறவன் எல்லாம் வத்தலக்குண்டு வழியா ஏறி வந்து, ரெண்டு நாளைக்கு ரூம் போட்டு, ஒரு குல்லா வாங்கி மாட்டிக்கிட்டு இறங்கிப் போறவன். அவன் பாட்டை நீ எதுக்குத்தா எழுதுற? அவனுக்கு எழுதத் தெரியாதா?

கோவிச்சுக்கிட்டு கிட்டாரத் தூக்கி உறையில போட்றாத. கிழவனுக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்னு நீ நெனக்கிறது மூஞ்சியிலேயே தெரியுது. மலைக்குக் கீழ எறங்குனா எந்தச் சீமை தெரியுமில்ல? நாங்க பூண்டு விக்கப் போற வடுகபட்டி வைரமுத்து ஊரு. இன்னுங் கொஞ்சம் போனா பண்ணைப்புரம், இளையராஜா ஊரு. மூட்டைய இறக்கிப்புட்டு, ஏவாரி காசு எண்ணி முடிக்கிற வரைக்கும் டீக்கடை பெஞ்சுல உக்கார்ந்து நாங்க கேக்காத பாட்டா? நம்ம பூண்டுக்குக்கூட 2019-ல சர்க்காரு புவிசார் குறியீடு குடுத்துருக்கு. பூண்டுக்காரன் காதுக்குத்தான் இன்னும் யாரும் சர்ட்டிபிகேட் குடுக்கல.

நான் பாட்டை மதிக்கிற விதம் வேற. நல்லாருக்கு நல்லாருக்குன்னு தலையாட்டுறது ஓசி. அதுக்கு ஒரு பைசா செலவு கிடையாது. உன் போன்ல கீழ ஒரு கட்டைவிரல் படம் போட்டுருக்கானே, அதைத் தட்டுறதும் ஓசி. பாட்டு முடிஞ்சதுக்கு அப்புறம் கேட்டவன் கை என்ன செஞ்சுச்சுன்னு பாரு. அதுலதான் தெரியும் அந்தப் பாட்டு எங்க போய் விழுந்துச்சுன்னு.

உனக்குப் பிடிச்ச அந்த அமெரிக்காக்காரப் புள்ளையவே எடுத்துக்க. டெய்லர் ஸ்விஃப்ட். ராத்திரியெல்லாம் நீ போடுற பாட்டுல எனக்கும் பாதி மனப்பாடம், அர்த்தந்தான் தெரியாது. அதுவும் தோட்டத்துல வளர்ந்த புள்ளதான். பென்சில்வேனியாவுல அவுக வீட்டுக்கு கிறிஸ்துமஸ் மரத் தோட்டம் இருந்துச்சு. பாட்டுக்காகவே குடும்பத்தோட நாஷ்வில் பக்கம் குடி போனாக. 2006-ல, பதினாறு வயசுல முதல் ஆல்பம். ரெண்டு வருசங் கழிச்சு அடுத்தது, ஃபியர்லெஸ். அதுக்கு 2010-ல வருசத்தோட சிறந்த ஆல்பம்னு கிராமி குடுத்தாக. அப்ப அதுக்கு இருபது வயசு. அந்த வயசுல அந்தப் பரிசு அதுக்கு முன்னால யாரும் வாங்குனதில்ல.

கேட்டவுக என்ன சொன்னாக? பள்ளிக்கூடத்துப் புள்ளைகளெல்லாம் இது எங் கதைன்னு சொல்லுச்சுக. பெரியவுக, பழைய காதலன்மாரை வரிசையா நிறுத்திப் பாட்டெழுதுதே இந்தப் புள்ளன்னு மூஞ்சியச் சுளிச்சாக. கேக்குறேன், ஆம்பள எழுதுனா விரகம், பொம்பளப் புள்ள எழுதுனா வம்பா? அந்தப் பேச்சை விடு. (ஆனா உன் நாலாவது பாட்டுல பைக்குல வர்றானே ஒரு பய, அவன் மன்னவனூர்க்காரனா, கவுஞ்சிக்காரனா? கவுஞ்சியா இருந்தா எனக்கு அவங்க தாத்தனைத் தெரியும். பாட்டுக்காகத்தான் கேக்குறேன்.)

நான் அந்தப் புள்ளைக்கிட்ட மெச்சுறது பரிசை இல்ல. 2019-ல அதோட முதல் ஆறு ஆல்பத்து ஒலிப்பதிவு உரிமையும் வேற ஒரு ஆளு கைக்குப் போயிருச்சு. எழுதுனது இவ, பாடுனது இவ, சொந்தக்காரன் எவனோ. இவ என்ன பண்ணா? கோர்ட்டு வாசல்ல உக்காரல. பாட்டை எழுதுன உரிமை தங்கிட்ட இருக்குல்ல, அதே பாட்டுகளைத் திரும்பப் பாடி, புதுசாப் பதிஞ்சு, 2021-ல இருந்து ஒண்ணொண்ணா வெளியிட்டா. தன் பேரையும் சேர்த்து ஒட்டுனா. இப்பப் பாரு கூத்தை. பழசுல இருந்த அதே பாட்டுகதான் பெரும்பாலும் புதுசுலயும். இருந்தும் சனம் பழசை விட்டுப்புட்டுப் புதுசைக் காசு குடுத்து வாங்குச்சு. 2025-ல பழைய பதிவுகளையும் அவளே விலைக்கு வாங்கிட்டா. கேட்டவன் கை காசை எடுத்து, யாருகிட்டக் குடுக்கணும்னு பார்த்துக் குடுத்துச்சு. அது பாட்டு.

அதனால சொல்றேன், எவனாச்சும் கம்பெனிக்காரன் காபி வாங்கிக் குடுத்து, இதுல ஒரு கையெழுத்துப் போடும்மான்னு சொன்னா என்னைக் கூப்பிடு. இங்கிலீசு தெரியாட்டிப் பரவால்ல. கொடைக்கானல்ல நிலத்தை எழுதி வாங்கிட்டுப் போனவுகளைப் பார்த்தே தலை நரைச்சவன் நான். எந்தப் பத்தியில கையை வச்சு மறைக்கிறான்னு பார்த்தாலே போதும், அங்கதான் விஷயம் இருக்கும்.

இப்ப நம்ம மலைக்கு வருவோம். குணா குகை. அதுக்கு முன்னால வெள்ளக்காரன் வச்ச பேரு டெவில்ஸ் கிச்சன். 1991 தீபாவளிக்கு குணா படம் வந்துச்சு. அன்னைக்கே தளபதியும் வந்துச்சு, கூட்டம் அந்தப் பக்கம் போயிருச்சு. வாலி எழுதி, இளையராஜா மெட்டுப் போட்ட கண்மணி பாட்டு மட்டும் தியேட்டரை விட்டு வெளிய வந்து ஊரெல்லாம் சுத்துச்சு. குகைக்குப் பேரே மாறிப்போச்சு. அப்புறம் முப்பத்துச் சொச்சம் வருசங் கழிச்சு, 2024-ல, மலையாளத்துல மஞ்ஞும்மல் பாய்ஸ்னு ஒரு படம். 2006-ல குகைப் பள்ளத்துல விழுந்த ஒரு பையனை அவன் கூட்டாளியே இறங்கித் தூக்கிட்டு வந்த நெசக் கதை. அதுல அந்தப் பாட்டைப் போட்டதும் தியேட்டருல சனம் அழுதுச்சு, விசிலடிச்சுச்சு, மறுவாரம் இங்க வந்து வேலியப் பிடிச்சுக்கிட்டு நின்னு படம் எடுத்துச்சு. இளையராஜா அனுமதி வாங்கலைன்னு நோட்டீசு விட்டாரு. அதையும் குறிச்சுக்க, நான் சொன்ன கையெழுத்து விவகாரம் பண்ணைப்புரத்துக்காரரையும் விடல.

கேட்டவன் கை என்ன செஞ்சுச்சு? மர வேருல கத்திய வச்சுத் தன் பேரையும் தன் ஆளு பேரையும் கீறுச்சு. காதலைத் தெய்வீகம்னு சொன்ன பாட்டுக்கு எம் மலை மரம் குடுத்த விலை அது. பாட்டு மேல குத்தம் இல்ல. ஆனா நீ பாட்டுல ஏதாச்சும் இடத்துப் பேரைப் போடுறதா இருந்தா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசி. நம்ம ஊரு நீரோடைக்குப் பேரு சொல்லிராத. ஒரு பாட்டு ஹிட்டானா அங்க பார்க்கிங் டோக்கன் போட ஆளு வந்துருவான்.

சரி, இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். நம்ம கொடைக்கானலைப் பத்தி உலகமே கேட்ட பாட்டு ஒண்ணு இருக்கு. குறிஞ்சி இல்ல, ஏரி இல்ல, பனியும் இல்ல. பாதரசம்.

உனக்கு அப்ப விவரம் தெரியாத வயசு. செயின்ட் மேரீஸ் ரோட்டுப் பக்கம், பாம்பார் சோலைக்கு மேல, தெர்மாமீட்டர் கம்பெனி. அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்துல இருந்த தொழிற்சாலையக் கழட்டி எண்பதுகள்ல இங்க கொண்டாந்து வச்சாக. பாண்ட்ஸ் பேருல ஆரம்பிச்சு, கடைசியில இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்துச்சு. காய்ச்சல் பார்க்கிற கருவி செய்ற எடம், நல்ல வேலை, நல்ல சம்பளம்னு சனம் போச்சு. 2001 மார்ச்சுல மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில, பாதரசம் ஒட்டுன உடைசல் கண்ணாடி ஏழரை டன்னுக்குக் கொஞ்சங் கம்மியா, மூட்டை மூட்டையாக் கிடந்தது வெளிய வந்துச்சு. ஊரு திரண்டு போராடுச்சு. கம்பெனிய மூடுனாக. 2003-ல 290 டன் கழிவைக் கப்பல்ல ஏத்தி, எங்க இருந்து வந்துச்சோ அந்த அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்புனாக. அது லேசுல நடக்குற காரியமா? ஏழை நாட்டுக்குக் குப்பை வரும், திரும்பிப் போகாது. இது போச்சு.

ஆனா வேலை பார்த்தவுக உடம்புல ஏறுனதை எந்தக் கப்பல்ல ஏத்துறது? சிறுநீரகம் போச்சு, நரம்பு போச்சுன்னு அவுக சொன்னாக. அப்படி ஒண்ணும் எங்க ஆய்வுல தெரியலைன்னு கம்பெனி சொல்லுச்சு. 2006-ல தொழிலாளிக மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனாக. மனு, பதில் மனு, கமிட்டி, வாய்தா. மனுவுக்குத் தாளம் கிடையாது பாரு, அதனால ஒருத்தனும் திரும்பிக் கேக்கல.

2015 ஜூலை 30. சோஃபியா அஷ்ரஃப்னு சென்னைப் பொண்ணு. விளம்பரத்துக்கு எழுதுற தொழில்ல இருந்தவ, ராப் பாடுறவ. போபால் விஷவாயு விஷயத்துக்கும் முன்னாடியே பாடியிருக்கா. கொடைக்கானல் விட்டுக் குடுக்காதுங்கிற பொருள்ல ஒரு வீடியோ போட்டா. மெட்டு சொந்த மெட்டு இல்ல. நிக்கி மினாஜ்னு அமெரிக்கப் பாடகி, அனகோண்டான்னு ஒரு பாட்டு, இடுப்பை ஆட்டுறதுக்குப் பேர் போனது. அந்த மெட்டு. அதுவே 1992-ல வந்த இன்னொருத்தன் பாட்டுல இருந்து கடன் வாங்குனது. கடன் வாங்குனவகிட்டப் போய்க் கடன் வாங்கி நம்ம மலைக்குக் கொண்டாந்துட்டா.

சில நாள்ல இருபது லட்சம் பேருக்கு மேல பார்த்துட்டாக. அந்த நிக்கி மினாஜே தன் ட்விட்டர்ல எடுத்துப் போட்டா. சொந்த மெட்டைக் களவாண்டதுக்கு நோட்டீசு விடுவான்னு பார்த்தா, தாம்பூலம் வச்சுட்டா! லீவருக்குத் தாய்க் கம்பெனியான யூனிலீவருக்கு அப்பப் பெரிய தலை பால் போல்மன். அவரு லண்டன்ல உக்கார்ந்துக்கிட்டு, நாங்க பல வருசமாத் தீர்வுக்கு வேலை பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்னு ட்விட்டர்லயே பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஹைகோர்ட்டு வாய்தாவுல வராத மனுசன் மூணு நிமிசப் பாட்டுக்கு வந்தாரு.

மூஞ்சியச் சுளிச்சவுகளும் உண்டு. இது என்ன மெட்டு, சாகக் கிடக்கிறவன் கதைய ஆட்டம் போடுற பாட்டுலயா சொல்றதுன்னு கேட்டாக. அவுகளுக்கு நான் சொல்றேன். தை மாசம் பழனிக்குப் பாதயாத்திரை போற கூட்டத்தைப் பார்த்துருக்கியா? காவடியத் தோள்ல வச்சுக்கிட்டு முருகனை எந்த மெட்டுலப் பாடுறாக? போன வருசம் ஹிட்டான சினிமா மெட்டுலதான். தண்டாயுதபாணி இதுவரைக்கும் ஆட்சேபணை தெரிவிக்கல. ஊரு அறிஞ்ச மெட்டுல ஊரு அறியாத சேதியச் சொல்றது நம்ம பாட்டன் காலத்து வித்தைதான், அந்தப் பொண்ணு புதுசா ஒண்ணும் கண்டுபிடிச்சிரல.

எனக்கு இருக்கிற கொறை வேற. இங்கிலீசுல பாடுனா. யாருக்காகப் பாடுனாளோ, அவுகள்ல பல பேருக்கு வார்த்தை புரிஞ்சிருக்காது. ஆனா அதையும் யோசிச்சுப் பார்த்தேன். மூஞ்சிக்கல்லுக்கு இந்தச் சேதியத் தமிழ்ல சொல்லித்தான் தெரியணுமா? அவுகளுக்கு உடம்பே சொல்லும். லண்டன்காரனுக்குத்தான் காது கேக்கல, அவன் பாஷையில கத்துனா. சரிதான்னு விட்டுட்டேன்.

கேட்டவன் கை? கம்பெனிக்குப் போன மனுவுல கையெழுத்துப் போட்டுச்சு. 2016 மார்ச்சுல கம்பெனியும் முன்னாள் தொழிலாளிக 591 பேரும் ஒப்பந்தம் போட்டாக. தொகை எவ்வளவுன்னு வெளிய சொல்லல. மனிதாபிமானத்துல குடுக்கிறோம்னு கம்பெனி சொல்லுச்சு, தப்புப் பண்ணிட்டோம்னு சொல்லல. அது போதுமா போதாதான்னு அவுகளைத்தான் கேக்கணும்.

உடனே உன் வயசுப் புள்ளைக எல்லாம், பாட்டு ஜெயிச்சுருச்சு, பாட்டாலயே நஷ்டஈடு வந்துச்சுன்னு குதிச்சுதுக. இங்கதான் எனக்குச் சிரிப்பு வரும். காட்ரோட்டுல இருந்து லோடு லாரி ஒண்ணு உருண்டு உருண்டு ஏறி வருது, டம்டம் பாறை தாண்டி, பெருமாள்மலை தாண்டி, கடைசி வளைவுல மூச்சு வாங்கி நிக்குது. அந்தப் பக்கம் வந்த ஒரு பொண்ணு எறங்கிப் பின்னால கையக் குடுத்து ஒரே தள்ளு. வண்டி ஏறிருச்சு. தள்ளு பெருசுதான், நான் இல்லைங்கல. அதுக்காக, கீழ இருந்து பதினஞ்சு வருசம் ஓட்டிட்டு வந்தவன் பேரை விட்டுட்டுத் தள்ளுனவ பேரை மட்டும் கல்வெட்டுல வெட்டுறதா? அந்தப் பொண்ணுக்கே அது தெரியும். தெரிஞ்சதாலதான் தொழிலாளிகளோட நின்னு பாடுனா. கைதட்டுனவுகளுக்குத்தான் தெரியல.

2018-ல அதே பொண்ணு மறுபடி வந்தா. கர்நாடக சங்கீதம் பாடுற டி.எம்.கிருஷ்ணாவைக் கூட்டுச் சேர்த்துக்கிட்டு ரெண்டாவது பாட்டு. இந்தத் தடவை சங்கதி ஆளுக இல்ல, மண்ணு. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சினாப் பரவால்லைன்னு இங்க ஏத்துக்கிட்டாக. இதே கம்பெனி இதே அழுக்கை இங்கிலாந்துல விட்டிருந்தா இப்படி விடுவாகளாங்கிறதுதான் கேள்வி. சோலைக்குள்ள எறங்குற தண்ணி பாம்பாறு வழியா கும்பக்கரைக்குப் போகுது, அங்க கீழ நின்னு குளிக்கிறது நம்ம சனந்தான். கேள்வி முதல் பாட்டை விடக் கனம். ஆனா முதல் பாட்டுக்கு இருந்த ஆர்ப்பாட்டத்துல கால்வாசி இல்ல. உடம்பு கெட்ட மனுசனுக்கு உச்சுக் கொட்டுவாக. மண்ணுக்கு எவன் உச்சுக் கொட்டுவான்? கேட்டவன் கை அடுத்த வீடியோவுக்குப் போயிருச்சு.

அதான் தாயி, பனியப் பத்தி ஏழு பாட்டு எழுதுன உன்னைப் பார்த்து எனக்குக் கை அரிக்குது. குறிஞ்சியப் பாடுனயா, அதையாச்சும் காலம் பார்த்து விடு. 2018-ல பூத்துச்சு, இனி 2030. அது வரைக்கும் அந்தப் பாட்டைப் பொட்டியில வை. அதுக்குள்ள கேரட்டு என்ன விலைக்கு எடுக்குறான், சென்னையில என்ன விலைக்கு விக்குறான்னு ஒரு பாட்டு எழுது. சனிக்கிழமை ராத்திரி பெருமாள்மலையில இருந்து வண்டி நகராம, பிரசவத்துக்குப் போறவ ஆம்புலன்சுலயே கிடக்குறதைப் பத்தி ஒண்ணு எழுது. மெட்டு என்ன வேணா போட்டுக்க. அந்த டெய்லர் மெட்டே போட்டாலும் எனக்குச் சம்மதம், நோட்டீசு வந்தா நான் பேசிக்கிறேன்.

போடுற எடம் போன் மட்டும் போதாது. கோடை பண்பலைக்கு அனுப்பு. 100.5. மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர்னு கீழ அம்புட்டு ஊருலயும் கேக்குற ரேடியோ நம்ம மலை உச்சியில இருந்துதான் பேசுது, உனக்குத்தான் அது பழைய சாமான். அதோட நேயருக இருக்காகளே, உன் லட்சம் கட்டைவிரலுக்கு அவுக ஒருத்தர் போதும். ரேடியோக்காரர் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா, காசு குடுத்துத் தபால் அட்டை வாங்கி, எழுதி, நடந்து போய்ப் பெட்டியில போட்டுட்டு வர்ற ஆளுக. அப்படிக் கை வேலை செய்ற ரசிகன் நாஷ்வில்லயும் கிடையாது. அவன் "பாட்டு சுமார்"னு எழுதிட்டான்னா அழாத. ஏன் சுமாருன்னும் எழுதியிருப்பான், படி.

இன்னொண்ணு. ஒம்பதாவது பாட்டு என்னைப் பத்தியாமே? உன் சித்தப்பன் சொன்னான், நீ காட்டவே மாட்டேங்குற. பூண்டு வித்த காசை வேட்டி மடிப்புல முடிஞ்சு வச்சுக்கிட்டு, பேத்தி கிட்டார் கேட்டதுக்கு மூணு வருசம் இழுத்தடிச்ச கிழவன்னு ஒரு வரி இருக்காம். இருக்கட்டும், எடுக்கச் சொல்லல. மூணு வருசம் இல்ல, ரெண்டரை. அந்த அரை வருசத்தைத் திருத்திப்புட்டு, அப்புறம் வந்து ராயல்டி பேசு.